முழங்கைக்குக் கீழே ஒரு குறுக்குச் சந்து

ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி தொடங்கி தலைமை டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் ஷாக் மேடம்தான். நரம்புப் பரிசோதனை அறைக்கு வேலைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. அந்தப் பதினொரு வருடத்தில் அவள் எழுதிய ரிப்போர்ட் ஒன்றுகூட "மறுபடி பாருங்க" என்று திரும்பி வந்ததில்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்வாள். நம் பெருமையை நாமே சொல்லிக்கொண்டால்தான் உண்டு, அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை நரைத்துப்போகும் என்பது அவள் கட்சி.

கை மரத்துப்போகிறது, கால் எரிகிறது, பிடித்த பொருள் நழுவுகிறது என்று வருகிறவர்களை நரம்பு டாக்டர் ஒரு சீட்டுக் கொடுத்து அவளிடம் அனுப்புவார். வந்தவரின் கையை முதலில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வைக்கச் சொல்வாள். பலர் இதை உபசாரம் என்று நினைத்து நன்றி சொல்வார்கள். உபசாரமும் இல்லை, ஒன்றும் இல்லை. குளிர்ந்த கையில் நரம்பு மந்தமாக ஓடும். நல்ல நரம்பும் நோஞ்சான் மாதிரி தெரியும். பிறகு விரலோரத் தசையில் ஒரு பட்டையை ஒட்டுவாள். இரண்டு முனை கொண்ட கைப்பிடியை எடுத்து, நரம்பு ஓடும் இடம் பார்த்து அழுத்தி, சுரீரென்று ஒரு ஷாக் கொடுப்பாள். தசை துள்ளும், திரையில் ஒரு அலை குன்றுபோல எழும்பும். அது எவ்வளவு சீக்கிரம் வந்தது, எவ்வளவு உயரம் எழுந்தது என்று பார்த்தே நரம்பு எந்த இடத்தில் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவாள்.

"வாய் பொய் சொல்லும், நரம்பு சொல்லாது" என்பது அவள் தினமும் நாலு பேரிடமாவது சொல்வது.

அந்த அறையில் அவளுக்கு இருந்த ஒரே குறை டியூப் லைட். அதைப் போட்டால் திரை முழுக்கப் புல் முளைத்தது மாதிரி இரைச்சல் வந்துவிடும். நரம்பில் ஓடும் மின்சாரம் அவ்வளவு மெல்லியது. விளக்கின் மின்சாரம் கொஞ்சம் கசிந்தாலும் இதை விழுங்கிவிடும். ஆகவே விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில்தான் வேலை. பராமரிப்புப் பிரிவுக்கு ஒன்பது கடிதம் எழுதிவிட்டாள். கிணற்றில் போட்ட கல்தான்.

போன வாரம் அந்த அறைக்கு அவள் கணவனின் அண்ணன் வந்தார். குடும்பத்தில் அவர்தான் பெரியவர், பேரும் அதேதான். முப்பது வருட எலக்ட்ரீஷியன். மாமனார் இல்லாத வீட்டில் முன்னால் நின்று அவள் கல்யாணத்தை நடத்திவைத்தவர். உள்ளே நுழைந்ததும் கையைக் காட்டாமல் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இங்க எர்த் சரியில்லம்மா."

"முதல்ல உங்க கையைக் காட்டுங்க, அத்தான்."

வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மூன்று மாதமாக மரத்துப்போகின்றன. ஸ்க்ரூட்ரைவர் பிடிக்குள் நிற்பதில்லை. போன மாதம் ஏணி உச்சியிலிருந்து கட்டிங் பிளேயர் நழுவி, கீழே நின்ற கடைக்காரரின் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அந்த நல்ல மனிதர் விட்டுவிட்டார். எல்லோரும் விடமாட்டார்கள்.

கை தண்ணீரில் ஊறும்போது பெரியவர் சும்மா இருக்கவில்லை. "உடம்புல ஒயரிங் எப்படிம்மா போகுது?" என்று கேட்டார்.

அவளுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். "மூளைலதான் உத்தரவு பிறக்குது. அங்கிருந்து முதுகெலும்புக்குள்ள ஒரு கட்டு இறங்குது, அது தண்டுவடம். கழுத்துப் பக்கம் அதுலேர்ந்து கைக்குக் கிளை பிரியும்."

"மெயின் போர்டு மண்டைல, சப் போர்டு முதுகுல."

"அப்படியே வச்சுக்கோங்க. சூடான பாத்திரத்தைத் தொட்டா கை தானா பின்னால வருதுல்ல? அதை மூளை சொல்றதில்ல. முதுகுத் தண்டே முடிவு பண்ணிடும். மூளைக்குச் சேதி அப்புறம்தான் போகும்."

"நம்ம வீட்ல உங்க அக்கா மாதிரி. முடிவு பண்ணிட்டு அப்புறம் எங்கிட்ட சொல்லுவா" என்றார், தன் மனைவியைச் சொல்லி.

அவள் சிரித்துக்கொண்டே தன் கையை நீட்டிக் காட்டினாள். உள்ளங்கைப் பக்கம் வரும் பெரிய நரம்புகள் இரண்டு. ஒன்று நடு நரம்பு, முழங்கை மடிப்பின் முன்பக்கமாக வந்து கட்டைவிரல் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும். இன்னொன்று சுண்டுவிரல் நரம்பு. முழங்கைக்குப் பின்னால் எலும்புப் பள்ளத்தில் ஓடும். மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் விரல் நுனி வரை சுர்ரென்று இழுக்குமே, அது இந்த நரம்புதான். ஒவ்வொரு நரம்பிலும் ஆயிரக்கணக்கான இழைகள், இழைக்கு மேல் கொழுப்பாலான உறை. உறை நன்றாக இருந்தால் சேதி விநாடிக்கு ஐம்பது அறுபது மீட்டர் ஓடும்.

பெரியவர் மனக்கணக்குப் போட்டார். "மணிக்கு இருநூறு கிலோமீட்டர்! தவிடு ஓட்டுற பஸ் பிச்சை வாங்கணும்."

தவிடு என்பது அவள் கணவன். டவுன் பஸ் டிரைவர், நாற்பத்திரண்டு வயது. பெரியவர் குட்டை, சிவப்பு, சுருட்டை முடி. தம்பி அதற்கு நேர்மாறாக நெடுநெடுவென்று, கறுப்பாக, முடி கோரைப் புல்லாக. இருவரையும் சேர்த்துப் பார்த்து அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லமாட்டார்கள். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்டா" என்று பெரியவர் சின்ன வயதில் கேலி செய்தது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளையை இப்படிச் சொல்வதுதான். மற்ற வீடுகளில் பத்து வயதோடு விட்டுவிடுவார்கள், இந்த வீட்டில் விடவில்லை. தவிடும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். ஆனால் பழைய குடும்பப் போட்டோ கையில் கிடைத்தால் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். கட்டிக்கொண்டவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

பரிசோதனை தொடங்கியது. சுண்டுவிரலோரத்தில் பட்டையை ஒட்டி, மணிக்கட்டில் முதல் ஷாக் கொடுத்தாள். பெரியவரின் முகம் சுளித்தது. அலை பத்து அளவுக்கு நன்றாக எழுந்தது. முழங்கைக்குக் கீழே கொடுத்தாள். பெரியவர் பல்லைக் கடித்தார், கண்ணோரம் நீர் கட்டியது. அலை நாலுதான். முழங்கைக்கு மேலேயும் நாலுதான்.

இந்த இடத்தில்தான் அது நடந்தது. முழங்கையில் அலை குறைந்தால் உடனே நடு நரம்பையும் முழங்கையில் தட்டிப் பார்க்க வேண்டும், பிறகு மறு கையையும் பார்க்க வேண்டும். இது அவளே மற்றவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லும் விதி. ஆயிரம் பேருக்கு ஈவு இரக்கம் இல்லாமல் அப்படிச் செய்தும் இருக்கிறாள். ஆனால் இங்கே உட்கார்ந்திருந்தது தகப்பன் ஸ்தானத்து மனிதர். அவர் தன் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கண் கலங்குவதை அவளால் பார்க்க முடியவில்லை. போதும் என்று கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டாள்.

'சுண்டுவிரல் நரம்பில் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே அடைப்பு' என்று ரிப்போர்ட் எழுதினாள். ஷாக் மேடம் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நரம்பு டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியூர்க் கூட்டத்துக்குப் போய்விட்டார். கை அறுவை செய்யும் சர்ஜன் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து, முழங்கையிலிருந்து பாதிக் கை வரை திறந்து அடைப்பு எங்கே என்று தேடி நரம்பை விடுவிக்கலாம் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் ஏணி ஏறக்கூடாது. நரம்பு சம்பந்தப்பட்ட கத்தி, உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. பெரியவர் ஒரு நிமிடம் யோசித்தார். "நம்ம பொண்ணு பார்த்துச் சொன்னது, தப்பா இருக்காது" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணி, பார்வையாளர் நேரம். ஷாக் மேடம் வேலை முடித்து வார்டுக்கு வந்தபோது பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது முன்கையில் சர்ஜன் அம்மா நீல மையால் ஒரு நீளக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். காலை ஏழு மணிக்குக் கத்தி இறங்கப்போகும் கோடு. பக்கத்தில் பெரியவரின் மனைவி, அவள் அக்கா என்று கூப்பிடும் ஓரகத்தி, ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். காலடியில் தவிடு நின்றுகொண்டு அண்ணனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உனக்கு மூணே மூணு ஷாக்குண்ணா, அதுக்கே இவ்வளவு சீனு. இவ படிச்சப்ப என் கைதான் கரும்பலகை. கல்யாணமாகி முதல் ஆடிமாசம்கூட ஆகல, தினம் சாயங்காலம் கையை நீட்டச் சொல்லிச் சுரீர் சுரீர்னு. ஒருநாள் 'ஐயோ'ன்னு கத்தினா பாரு, எனக்கு உசுரே போச்சு. என்னடின்னா, 'உங்க கையில குறுக்குச் சந்து இருக்குங்க'ன்னு குதிக்கிறா. எனக்கு ஏதோ வியாதின்னு ரெண்டு நாள் சோறு இறங்கல."

அக்கா சிரித்தார். பெரியவர் குலுங்கிச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார்.

ஷாக் மேடம் சிரிக்கவில்லை.

குறுக்குச் சந்து என்று அவள் வைத்த பெயர்தான் அது. சிலருக்குப் பிறவியிலேயே நரம்பு புத்தகத்தில் இருக்கிறபடி ஓடாது. சுண்டுவிரல் பக்கம் போக வேண்டிய இழைகளில் ஒரு பங்கு, மேலே நடு நரம்போடு சேர்ந்தே இறங்கி வரும். முழங்கைக்குக் கீழே ஒரு குறுக்கு வழியில் புகுந்து சுண்டுவிரல் நரம்போடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இது நோய் இல்லை, ஒரு குறையும் இல்லை. ஆறேழு பேரில் ஒருவருக்காவது இருக்கும். அப்படிப்பட்ட கையில் சுண்டுவிரல் நரம்பை மணிக்கட்டில் தட்டினால் எல்லா இழையும் அகப்படும், அலை பெரிதாக வரும். முழங்கையில் தட்டினால் பாதி இழை அங்கே இருக்கவே இருக்காது, அலை சின்னதாகத்தான் வரும். தெரியாதவர் அடைப்பு என்று எழுதிவிடுவார். இது குடும்பத்தில் ஓடும் என்பதும் அவளுக்குத் தெரியும். தவிட்டின் கையில் கண்டுபிடித்தவளே அவள்தான். அவன் அண்ணன் கையில் தேடாமல் விட்டவளும் அவள்தான்.

நீலக் கோட்டைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்து பார்ப்பார்கள், ஏதோ விடுவித்தோம் என்பார்கள், புண் ஆறும். அவள் பதினொரு வருடப் பெருமை பன்னிரண்டாக வளரும். இந்த யோசனை வந்தது உண்மை. வந்த வேகத்திலேயே அவளுக்குத் தன்மேல் அருவருப்பும் வந்தது.

"அத்தான், எந்திரிங்க. கீழ போய் உங்க கையை இன்னொரு தடவை பார்க்கணும்."

"எதுக்குடி இப்ப?" என்றார் அக்கா. "கையெழுத்தெல்லாம் போட்டாச்சு."

"போன வாரம் நான் பார்க்க வேண்டியதுல ஒண்ணைப் பார்க்காம விட்டுட்டேன்கா. ரிப்போர்ட் தப்பா இருக்கலாம்."

அக்காவின் கையில் ஆரஞ்சுச் சுளை நின்றுவிட்டது. "விட்டுட்டியா? விடிஞ்சா கத்தி வைக்கப் போறாங்க, இப்ப வந்து நிதானமா விட்டுட்டேங்கிற? உன்னை நம்பித்தானே அவரு நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டாரு?"

திட்டு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். "திட்டுங்கக்கா. ஆனா நடந்துக்கிட்டே திட்டுங்க. சர்ஜன் அம்மா ஆறரைக்குக் கிளம்பிடுவாங்க" என்றாள்.

பரிசோதனை அறையில் தொட்டியை நிரப்பினாள். பெரியவர் கேட்டார். "ஏம்மா விட்டே? நீ எதையும் விடற ஆளில்லையே."

"உங்களுக்கு வலிச்சுது அத்தான். கண்ணுல தண்ணி வந்துச்சு. எனக்கு மனசு கேக்கல."

பெரியவர் கையைத் தொட்டியில் அமிழ்த்தினார். "ஒயரிங்ல மரியாதை பார்த்தா வீடு எரிஞ்சு போகும்மா. போடு ஷாக்கை."

போட்டாள். மணிக்கட்டில் பத்து. முழங்கையில் நாலு. போன வாரம் வந்த அதே எண்கள்தான். பட்டையைச் சுண்டுவிரலோரத்திலேயே வைத்துவிட்டு, கைப்பிடியை முழங்கை மடிப்புக்கு முன்பக்கம், நடு நரம்பின் மேல் கொண்டுபோனாள். புத்தகப்படி இங்கே தட்டினால் கட்டைவிரல் பக்கம் துள்ள வேண்டும். சுண்டுவிரலோரத்தில் ஒன்றும் வரக்கூடாது. ஒரே அழுத்தில் நரம்பு ஓடும் இடத்தைப் பிடித்தாள். அந்த விஷயத்தில் அவளை அவளே மெச்சிக்கொள்ளலாம்.

சுரீர்.

கட்டைவிரல் மடங்கியது. கூடவே சுண்டுவிரலும் டக்கென்று துள்ளியது. திரையில் அலை அழகாக எழுந்து இறங்கியது. ஆறு.

"நாலும் ஆறும் பத்து" என்று பெரியவரே சொன்னார். அடுத்த கணம் முகம் மலர்ந்துவிட்டது. "அட, பக்கத்து வீட்டு லைன்லேர்ந்து திருட்டு கனெக்ஷன் இழுத்திருக்கான்!"

"யாரு?"

"என்னைச் செஞ்சவன்தான்."

இடது கையிலும் அதே மாதிரிதான் வந்தது. அடைப்பு இல்லை. அப்படியென்றால் விரல் ஏன் மரக்கிறது? ஷாக் மேடம் இப்போது பழைய ஷாக் மேடமாகிவிட்டாள். வலது முழங்கையைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். எலும்புப் பள்ளத்துக்கு மேல் தோல் கறுத்துக் காய்ப்பேறிக் கிடந்தது.

"ஏணியில நிக்கும்போது இந்தக் கையை எங்க வைப்பீங்க?"

"மேல் படியில முழங்கையை ஊணிக்குவேன். அப்பத்தான் கை ஆடாது."

"எவ்வளவு நேரம்?"

"முப்பது வருஷமா."

முழங்கைப் பள்ளத்தின் குறுக்கே வேகத்தை அளந்தாள். அந்த ஒரு விரற்கடை தூரத்தில் மட்டும் நரம்பு சற்று மந்தமாக ஓடியது. கொஞ்சம்தான். தினம் தினம் மிதிபட்ட தோட்டக் குழாய்போல அது நசுங்கியிருந்தது, அறுந்துபோகவில்லை. மிதிக்கும் காலை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

மணி ஆறே கால். சர்ஜன் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். ஒற்றை நாடி உடம்பு, வேகமான நடை, அதைவிட வேகமான பேச்சு. ஷாக் மேடம் படியின் கீழே குறுக்கே நின்றாள்.

"நாளைக்கு முதல் கேஸ், அந்த ரிப்போர்ட் தப்பு டாக்டர். எழுதினது நான்தான். முழங்கையில நடு நரம்பைப் பார்க்காம விட்டுட்டேன். இப்ப பார்த்துட்டேன், அடைப்பு இல்ல. குறுக்கு வழி."

சர்ஜன் அம்மா நின்றார். "போன வாரம் அடைப்புன்னு எழுதினீங்க. இன்னிக்கு இல்லங்கறீங்க. அவர் உங்க சொந்தக்காரர்னும் கேள்விப்பட்டேன். பயந்துட்டீங்க, அதனால மாத்திச் சொல்றீங்கன்னு நான் நினைச்சா? எந்தப் பேப்பரை நம்பட்டும்?"

"ரெண்டையும் நம்பாதீங்க. வந்து கையை நம்புங்க."

சர்ஜன் அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. ஆனால் கால் திரும்பியது. அறைக்கு வந்து பெரியவரின் சுண்டுவிரலோரத்தில் தன் விரலை வைத்துக்கொண்டார். ஷாக் மேடம் நடு நரம்பைத் தட்டினாள். விரலடியில் தசை துள்ளியதும் சர்ஜன் அம்மா புருவத்தை உயர்த்தினார். "இன்னொரு தடவை" என்றார். மறுபடி துள்ளியது.

"இது எப்படி உங்களுக்கு இன்னிக்குத் தோணுச்சு?"

"இவர் தம்பிக்கு இருக்கு. படிக்கும்போது நானே பார்த்தேன்."

எல்லோரும் தவிட்டைப் பார்த்தார்கள். அவன் கதவோரம் பதுங்கிக்கொண்டிருந்தான். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மழையில் மேம்பாலம் ஏறுகிற ஆள், இந்த அறை வாசலைத் தாண்டியதில்லை. கரும்பலகை காலம் முடிந்த அன்று, இனி செத்தாலும் அந்தக் கைப்பிடியைக் கிட்ட விடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன். அண்ணன் கையின் நீலக் கோட்டை ஒரு தடவை பார்த்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து அண்ணன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினான். கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டான்.

சுரீர். "அம்மா!" என்று கத்தினான். சுண்டுவிரல் டக்கென்று துள்ளியது. திரையில் எழுந்த அலையைப் பக்கத்து அலையோடு வைத்துப் பார்த்தால் எது அண்ணன், எது தம்பி என்று ஷாக் மேடத்துக்கே சந்தேகம் வந்திருக்கும்.

சர்ஜன் அம்மா ரிப்போர்ட்டை வாங்கி, காலை ஏழு மணி என்று எழுதியிருந்ததை அடித்தார். இப்போதைக்குக் கத்தி வேண்டாம். மூன்று மாதம் முழங்கையை எங்கேயும் ஊன்றக்கூடாது, இரவில் மடக்கி வைத்துத் தூங்கக்கூடாது, துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். பிறகு மறுபடி அளந்து பார்க்கலாம். போகும்போது கதவருகே திரும்பினார். "இது தெரியாம நான் திறந்திருந்தா, இல்லாத அடைப்பைத் தேடி நல்ல நரம்பைத் துழாவியிருப்பேன். படியில வந்து மறிச்சதுக்கு நன்றி. புது ரிப்போர்ட்ல பழசு ஏன் தப்புன்னும் எழுதுங்க."

"முதல் வரியிலேயே எழுதறேன் டாக்டர்."

அக்கா முந்தானையால் பெரியவரின் நீலக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மை போகவில்லை. அவர் விடவும் இல்லை. ஷாக் மேடத்தைப் பார்த்து, "இனிமே வீட்டு ஆளுக்கு ரெண்டு ஷாக் சேர்த்தே குடு" என்றார். அது மன்னிப்பா உத்தரவா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று ஷாக் மேடம் எடுத்துக்கொண்டாள்.

தவிடு இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு அலைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. "இப்ப சொல்லுண்ணா" என்றான். கேலியாகத்தான் ஆரம்பித்தான், பாதியில் கேலி போய்விட்டது. "தவிட்டுக்கு வாங்கினதா நானு?"

"ஏங்க, இது ஆறேழு பேருக்கு ஒருத்தர்கிட்ட இருக்கும், இதை வச்சு மட்டும்..." என்று ஆரம்பித்த ஷாக் மேடம் பாதியில் நிறுத்திக்கொண்டாள். விஞ்ஞானம் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு.

பெரியவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உனக்கு நாலு வயசு. அம்மா எந்நேரமும் உன்னைத்தான் இடுப்புல வச்சிருப்பா. எரிச்சல்ல ஒருநாள் சொல்லிட்டேன். நீ அழுத. நீ அழுதது எனக்கு நல்லா இருந்துச்சுடா. அப்புறம் ஊரே சொல்ல ஆரம்பிச்சதும் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

"நான் பதினஞ்சு வயசு வரைக்கும் நிஜம்னு நம்பிட்டு இருந்தேன்."

"தெரியும்" என்றார் பெரியவர். அதைச் சொல்ல அவருக்கு முப்பத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. சொன்னபின், மரத்துப்போன அந்த வலது கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஷாக் மேடம் திரும்பி நின்று, ஏற்கெனவே சுருட்டிவைத்த வயர்களை மறுபடி ஒருமுறை சுருட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி. கத்தி இறங்கியிருக்க வேண்டிய நேரம். பெரியவர் டிஸ்சார்ஜ் சீட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பரிசோதனை அறையில் ஏணி மேல் நின்றார். பராமரிப்புப் பிரிவில் அனுமதி கேட்டபோது, ஒன்பது கடிதத்தையும் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் உடனே தலையாட்டிவிட்டார்கள். சுவரில் எர்த் கம்பி கழன்று கிடந்ததை முதலில் கண்டுபிடித்துக் கட்டிவிட்டார். இப்போது விளக்கின் சோக்கை மாற்றிக்கொண்டிருந்தார். வழக்கம்போல முழங்கை மெல்ல மேல் படியை நோக்கிப் போயிற்று.

"முழங்கை!" என்று ஷாக் மேடம், தவிடு, அக்கா மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கை வெடுக்கென்று மேலே போனது.

தவிடு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நேர் கீழே நின்றான். பிளேயர் விழுந்தால் அவன் தலையில்தான் விழும். நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஷாக் மேடம் மேசையில் உட்கார்ந்து புது ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தாள். 'முந்தைய அறிக்கை தவறு. நடு நரம்பை முழங்கையில் பரிசோதிக்காமல் எழுதப்பட்டது. பரிசோதித்தது நான்' என்று முதல் வரியை முடித்து, பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். பதினொரு வருடக் கணக்கு இன்றோடு சரி. நாளையிலிருந்து புதுக் கணக்கு ஆரம்பம், அதுவும் நீளமாகத்தான் போகும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

விளக்கு எரிந்தது. அவள் மெஷினைப் போட்டுப் பார்த்தாள். திரையில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. கோடு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது.

"தம்பி, அந்தச் சின்ன ஸ்க்ரூட்ரைவரை எடு" என்றார் பெரியவர் மேலிருந்து.

தவிடு திரும்பி வாசலைப் பார்த்தான், யாரோ வந்திருக்கிறார்கள் என்று. வாசலில் யாரும் இல்லை.

"உன்னைத்தான்டா" என்றார் பெரியவர்.